கூரைக்குக் காவல் யார்?

கூட்டுறவு இயக்கத்தின் தொட்டில் என்று நாம் போற்றும் ராச்டேல் நகரின் பெயரை அங்கத்தினர்கள் யாவரும் அறிவார்கள். 1844இல் நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர் 28 பேர் அங்கே ஒரு சிறு கடையைத் திறந்த வரலாற்றைக் கூட்டுறவு வார மேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆனால் அம்முன்னோடிகள் எழுதிவைத்த நோக்கங்களில், கடைக்கு அடுத்தபடியாக, அங்கத்தினர் குடியிருக்க வீடுகள் அமைத்தல் என்பதும் ஒன்று என்பதைப் பலர் அறியார்.

அதே ராச்டேலில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சுக்கோளாறினால் இறந்தது. வீட்டில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சணமே அதற்குக் காரணமென்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பெற்றோர் 2017ஆம் ஆண்டிலேயே முறையிட்டிருந்தனர். அவ்வீட்டை நிர்வகித்தது ஏதோ ஒரு பேராசைக்கார நிலச்சுவான்தார் அன்று. நகரசபையின் வீடுகளை 2012இல் ஏற்றுக்கொண்ட, குடியிருப்போரும் ஊழியரும் அங்கத்தினராய் அமைந்த ஒரு பரஸ்பர சங்கம்! இதன் விளைவாக 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. அவசர ஆபத்தானால் 24 மணி நேரத்திற்குள் வீட்டுடைமையாளர் நடவடிக்கை எடுக்கவேண்டுமென்னும் விதி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப் பிரிவு அக்குழந்தையின் பெயராலேயே வழங்குகிறது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? நிர்வாகம் எவர் கையிலிருப்பினும், முறையீடு பதிவாகி, குறித்த கெடுவுக்குள் பதில் பெறாவிட்டால், அங்கே மேற்பார்வை இல்லை என்பதே.

ஈரம் நமக்குப் புதிதன்று. அரசலாற்றங்கரையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஊறுவதையும், தறிக்குழியில் நீர் சுரப்பதையும், பாவு நைந்து இழை அறுவதையும் நெசவாளர் அறிவர். குதிரில் நெல் முளைவிடுவதை உழவர் அறிவர். மற்றையோருக்கு வீடு இளைப்பாறுமிடம். நம் அங்கத்தினருக்கோ வீடே தொழிற்சாலை, வீடே களஞ்சியம். ஆகவே ஒழுகும் கூரையால் உறக்கமும் கெடுகிறது, கூலியும் கெடுகிறது.

தீயின் கொடுமையோ இதனினும் பெரிது. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கிப் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு முதலிய நம் கரையோரச் சிற்றூர்களைச் சிதைத்தது. கடலைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் பள்ளியின் கூரையைப் பார்வையிடுவதும், அபாயமான கட்டடத்திற்கு அனுமதி மறுப்பதும் மனிதர் கையில் உள்ளவை அல்லவா?

அக்கை யாருடையது என்று கேட்போம். வீடு கட்ட அனுமதி பெறக் காரைக்கால் நகர அமைப்புக் குழுமத்திற்குச் செல்லவேண்டும். குடிசையைக் கல்வீடாக்க உதவி நாடுவோர் குடிசை மாற்று வாரியத்தை நாடுகின்றனர். தீயணைப்பும் காவலும் அரசுத் துறைகள். சாக்கடை, குப்பை, தெருப் பராமரிப்பு ஆகியன காரைக்கால் நகராட்சியிடமும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளிடமும் உள்ளன. இவ்வாறு பொறுப்பு பல கதவுகளுக்குப் பகிர்ந்திருப்பதால், ஒரு கதவைத் தட்டியவரை மறு கதவுக்கு அனுப்புவது எளிதாகிறது. எல்லாக் கதவுகளையும் ஒருசேர நோக்கிக் கேள்வி கேட்கவல்லது, தெருவாசிகள் தேர்ந்தெடுத்த சபை ஒன்றே.

அத்தகைய சபை நமக்கு அயலானதன்று. 1880 மார்ச் 12ஆம் தேதிய பிரெஞ்சு ஆணையால் நம் பகுதியில் கொம்யூன்கள் ஏற்பட்டன. 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடி, இந்தியாவுடன் இணைவதா என்று வாக்களித்த 178 பேர் யாவர்? பிரதிநிதி சபையினரும் முனிசிபல் கவுன்சிலர்களுமே. அவர்களில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நாட்டின் தலைவிதியையே தீர்மானித்த வரிசையில் நம் உள்ளூர்ச் சபையினர் இருந்தனர்!

பின்னர் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழிந்து, 2006இல்தான் மறுபடி உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அச்சபைகளின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் வழக்கினால் தடைப்பட்டது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தங்களோ, ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தல் நடைபெறவேண்டுமென்கின்றன. கட்டட ஒழுங்கு, குடிசைப் பகுதி மேம்பாடு, தீயணைப்பு, தெருவிளக்கு ஆகியன நகரசபைகளுக்கு ஒப்படைக்கத் தக்கவை என 12ஆம் அட்டவணையிலும், கிராம வீட்டுவசதி பஞ்சாயத்துகளுக்குரியதென 11ஆம் அட்டவணையிலும் குறிக்கப்பட்டுள்ளன. எனினும் 2011க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தி வந்துள்ளனர். அவர்களுள் உழைப்பாளர் பலர் உளர். ஆனால் பொதுமகாசபை கூடாத சங்கத்தில் தனி அதிகாரி எத்துணை நல்லவராயினும், அங்கத்தினர் குரல் மங்கிவிடும் என்பதை நாம் அறியோமா?

சபை வரும்வரை கைகட்டியிருத்தல் கூட்டுறவாளருக்கு அழகன்று. நாம் தணிக்கைக்குச் செல்லும்போது முதலில் கேட்பது தீர்மானப் புத்தகத்தையே. எழுதாதது நடவாதது என்பதே தணிக்கையின் நியதி. அந்நியதியை வீட்டுக்கும் தெருவுக்கும் விரிப்போம். ஒவ்வொரு சங்கமும் முறையீட்டுப் புத்தகம் ஒன்று வைத்து, அங்கத்தினரின் ஒழுகும் கூரை, அடைபட்ட வாய்க்கால், தாழத் தொங்கும் மின்கம்பி ஆகியவற்றைத் தேதியுடன் பதிவு செய்க. உரிய அலுவலகத்திற்கு எழுத்து மூலம் அனுப்பி ரசீது பெறுக. யார் பெற்றார், என்று பார்வையிட்டார், என்று சீர்செய்தார் என்னும் மூன்று கேள்விகளையும் விடாது கேட்க. மறுமொழி வராவிடில், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தனியொருவர் கேட்கத் தயங்குவதை, நூறு பேர் சார்பில் சங்கத் தலைவர் கேட்கலாம்.

பிறரைக் கேட்குமுன் நம் வீட்டைப் பார்க்கவும் வேண்டும். நாம் கண்ட ஒரு சங்கத்தின் நூல் கிடங்கில் தீ வாளிகள் வரிசையாகத் தொங்கின. ஆனால் உள்ளே மணலுக்குப் பதில் பழைய ரசீதுக் கட்டுகள் கிடந்தன! தீயை அணைக்க வைத்த வாளியே தீக்கு விறகாயிருந்தது. அன்று நாமும் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டுத் திரும்பவிருந்தோம். வாளியை எட்டிப் பார்த்தவர் அச்சங்கத்தின் நூல் சுற்றும் மூதாட்டி ஒருவரே. மேற்பார்வை என்பது பதவியால் வருவதன்று, அவ்விடத்தில் வாழ்வோரின் கண்ணால் வருவது என்று அவர் நமக்குக் கற்பித்தார்.

அடுத்த பொதுமகாசபையின் நிகழ்ச்சி நிரலில், லாப விநியோகத்திற்கு முன்பாக, அங்கத்தினர் வீடுகளின் பத்திரம் என்று ஒரு விஷயத்தைச் சேர்ப்பீர்களாக. தேர்தல் வரும் நாளில், வாக்குக் கேட்டு வருவோரிடம் அப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டுவீர்களாக. கூரை யாருடையதோ, காவலும் அவருடையதே.