எடை எவ்வளவு என்பதல்ல கேள்வி

சித்தப்பா, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுங்க. ப்ராஸ்டேட் 48 கிராம்னு போட்டிருக்கு. சாதாரணமா 20 பக்கத்துல இருக்கும்னு யாரோ சொன்னதுல பயந்துட்டீங்க. ஆனா வைத்தியத்தை முடிவு பண்றது இந்த எடை மட்டும் இல்ல. 80 கிராம் இருந்தும் நிம்மதியாத் தூங்குறவங்க உண்டு, 30 கிராமுக்கே அவஸ்தைப்படுறவங்களும் உண்டு. அது சிறுநீர்க் குழாயை எவ்வளவு நெருக்குதுங்கறதுதான் விஷயம். இந்த வீக்கம் புற்றுநோய் இல்ல. அந்தச் சந்தேகத்துக்கு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை தனியா இருக்கு.

டாக்டர் ஒரு தாள் கொடுப்பார். 7 கேள்வி, மொத்தம் 35 மதிப்பெண். 7 வரைக்கும் லேசு, 20லேர்ந்து கடுமை. அதோட இன்னொரு கேள்வியும் இருக்கும்: காலம் முழுக்க இப்படியே இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? கூச்சப்பட்டு ‘பரவாயில்ல’ன்னு எழுதிடாதீங்க. பாதி முடிவு அந்தப் பதில்லதான் இருக்கு.

தொந்தரவு லேசுன்னா மாத்திரையே வேண்டாம், பார்த்துக்கிட்டே இருக்கலாம். சாயங்காலத்துக்கு மேல டீயைக் குறைங்க. சளி மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க, சிலது சிறுநீரை அடைச்சிடும்.

மாத்திரைன்னா பெரும்பாலும் டாம்சுலோசின். தசையைத் தளர்த்தும், சில நாள்லயே பலன் தெரியும். சட்டுனு எழுந்தா தலை சுத்தலாம். உங்களுக்குக் கண்புரை ஆபரேஷன் வேற இருக்கே, அதை இந்த டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. இந்த மாத்திரை போட்டா ஆபரேஷன் நேரத்துல கண்ணோட கருவிழிப் படலம் துவண்டு சிக்கலாகலாம். கண்ணை முடிச்சிட்டு மாத்திரையைத் தொடங்கலாமான்னு கேளுங்க. இன்னொரு வகை, ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு. சுரப்பியையே சுருக்கும், ஆனா ஆறு மாசம் பொறுக்கணும். பி.எஸ்.ஏ. அளவையும் ஏறக்குறைய பாதியாக் காட்டும். வேற டாக்டரைப் பார்த்தா இதைச் சொல்லணும்.

சிறுநீர் அடைச்சுக்கிட்டே இருந்தாலோ, அதனால கிட்னி கெட்டாலோ, சிறுநீர்ப் பையில கல் வந்தாலோ ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. மத்தபடி அது உங்க விருப்பம். வயித்தைக் கிழிக்காம குழாய் வழியாவே செதுக்கி எடுப்பாங்க. அதுக்கப்புறம் பலருக்கு விந்து வெளிய வராம பைக்குள்ள போயிடும். உடம்புக்குக் கெடுதல் இல்ல, ஆனா முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு சம்மதிக்கணும். தாம்பத்தியத்தைப் பத்தி இந்த வயசுல கேட்கறதான்னு நினைக்காதீங்க, தாராளமா கேளுங்க.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி மூணு நாள், எப்போ போனீங்க, எவ்வளவு போச்சுன்னு அளவுக் கோப்பையில பிடிச்சு நோட்டுல எழுதுங்க. ராத்திரி மட்டும் ரொம்ப அதிகமாப் போகுதுன்னா காரணம் ப்ராஸ்டேட்டாவே இல்லாம இருக்கலாம். சர்க்கரை, கால் வீக்கம், தூக்கக் கோளாறுன்னு டாக்டர் வேற பக்கம் தேடுவார்.