கொல்லைப்புறத்தில் ஒரு கேமரா

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அங்கே ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. வேலியோரம் செம்பருத்தி. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகிறது. நம் நாட்டில் பல வீடுகளில் தோட்டம் என்றால் இவ்வளவுதான். சில வீடுகளில் மொட்டை மாடியில் பத்துத் தொட்டிகள் இருக்கும். அதுவும் தோட்டம்தான்.

இந்தச் சின்ன இடத்துக்கு எத்தனை விருந்தாளிகள் வருகிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? செம்பருத்திப் பூவில் தேன்சிட்டு. கறிவேப்பிலைப் பழம் தின்னக் கொண்டைக்குருவி. சருகைக் கிளறத் தவிட்டுக்குருவிக் கூட்டம். வேலியில் ஓணான். சுவரில் அணில். கொண்டைக்குருவி தில்லித் தோட்டத்திலும் உண்டு, பெங்களூர்த் தோட்டத்திலும் உண்டு, கொல்கத்தாத் தோட்டத்திலும் உண்டு.

இவற்றைப் படம் பிடிப்பது முன்பு எளிய வேலை அல்ல. பெரிய கேமரா வேண்டும். பிலிம் சுருள் வேண்டும். ஒரு சுருளில் 36 படம்தான். கழுவிப் பார்த்த பிறகுதான் படம் விழுந்ததா இல்லையா என்று தெரியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996), தாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கனமான கேமராவைச் சுமந்துகொண்டு காடுகளில் அலைந்தார். அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். யானையைப் பற்றி எழுதிய அவர், வீட்டைச் சுற்றி வாழும் காக்கையையும் ஓணானையும் பற்றி அதே அக்கறையோடு எழுதினார்.

இன்று செல்போனிலேயே கேமரா இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குறை. தூரத்துப் பறவை வெறும் புள்ளியாகத் தெரியும். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் கலங்கிவிடும். கிட்டே போனால் பறவை பறந்துவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? நாம் பறவையிடம் போகக் கூடாது. பறவை நம்மிடம் வர வேண்டும்.

ஜன்னலும் தண்ணீர்த் தட்டும்

பறவைக்கு நம் முகத்தைவிட நம் அசைவுதான் பயம். கையைச் சட்டென்று தூக்கினால் ஓடிவிடும். அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்காருங்கள். வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. பறவைக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஜன்னல் கம்பியில் கையை அண்டை கொடுத்தால் செல்போன் ஆடாது. ஒரு பழைய புடவையை ஜன்னலில் தொங்கவிட்டு, நடுவில் சின்ன இடைவெளி விட்டால் இன்னும் நல்லது.

ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் அகலமான மண் தட்டு ஒன்றை வையுங்கள். அதில் இரண்டு விரல் ஆழம் தண்ணீர் போதும். நடுவில் ஒரு கல் போடுங்கள். சின்னக் குருவிகள் கல்மேல் நின்று குடிக்கும். ஆழமான பாத்திரம் வேண்டாம். அதில் விழுந்தால் சின்னக் குருவியால் ஏற முடியாது. பூனை பதுங்கக்கூடிய புதருக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். குருவிக்கு வைத்த தண்ணீரால் வீட்டில் டெங்கு வரக் கூடாதல்லவா?

தட்டு வைத்த முதல் நாளே குருவி வந்துவிடாது. சில நாள் காக்கை மட்டும் வரும். பொறுத்திருங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் வரிசையாக வரத் தொடங்கும். தவிட்டுக்குருவிகள் குளிப்பதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. ஒன்று இறங்கினால் ஏழெட்டும் இறங்கும்.

காலை வெயில்தான் படத்துக்கு ஏற்றது. உச்சி வெயிலில் பறவையின் வயிறு கறுத்துத் தெரியும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் நிழலுருவம்தான் கிடைக்கும். திரையில் பறவை தெரியும் இடத்தை விரலால் தொடுங்கள். அங்கே படம் தெளியும். கண் தெளிவாக விழுந்தால் மற்ற குறைகள் பெரிதாகத் தெரியாது. ஒரே படத்தோடு நிறுத்தாமல் பத்து எடுங்கள். ஒன்பதை அழித்துவிடலாம். பிலிம் செலவு இல்லையே!

சிலர் செல்போனில் பறவையின் குரலைப் பதிவு செய்து, அதையே போட்டுக் காட்டி அழைக்கிறார்கள். பறவை வரும். ஆனால் படம் எடுத்துக்கொள்ள வருவதில்லை. தன் இடத்துக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறது. இரை தேடும் நேரத்தை அதில் வீணாக்குகிறது. இது வேண்டாம்.

பறக்காதவற்றையும் எடுக்கலாம்

செல்போனுக்கு மிகவும் ஏற்றவை பூச்சிகள்தான். அவற்றின் அருகே போகலாம். கறிவேப்பிலைச் செடியை உற்றுப் பாருங்கள். இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். கழுவிவிட நினைப்பீர்கள். பொறுங்கள். அது ஒரு புழுவாக இருக்கலாம். கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும். அதன் இளம் புழு எச்சத்தைப் போலவே இருப்பதால் பறவைகள் ஏமாந்து போகின்றன. வளர்ந்ததும் அதே புழு இலைப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். பிறகு கூட்டுப்புழு ஆகும். அதிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். தினமும் ஒரு படம் எடுத்து வரிசையாக வைத்தால், பள்ளிக்கூடப் பாடத்தில் உள்ளது உங்கள் வீட்டுச் செடியிலேயே கிடைத்துவிடும். சாம்பாருக்குக் கறிவேப்பிலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஓணானும் நல்ல ஆள்தான். வேலிக் கம்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவந்துவிடும். ‘அது மனிதனின் ரத்தத்தை உறிஞ்சுகிறது’ என்று பயந்து கல்லால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எறும்பையும் பூச்சியையும் தின்று வாழும் பிராணி. சிவப்பு அதன் சொந்த நிறம்.

கூட்டைக் கண்டால்

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தேன்சிட்டு வீட்டு வாசலிலேயே கூடு கட்டும். துணிக்கொடி, விளக்குக் கம்பி, செம்பருத்திக் கிளை எதிலாவது தொங்கவிடும். நாரையும் பட்டைத் துணுக்கையும் சிலந்தி நூலால் ஒட்டிய சின்னப் பை அது. பக்கத்தில் ஒரு வாசல். வாசலுக்கு மேல் ஒரு சின்னக் கூரை. பார்ப்பதற்குச் செடியில் மாட்டிக்கொண்ட குப்பை போல இருக்கும். அப்படித் தெரிவதுதான் அதற்குப் பாதுகாப்பு. உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டைகள். தையல்சிட்டு இன்னும் கெட்டிக்காரி. இலைகளின் ஓரத்தில் துளை போட்டு, நாரால் தைத்து, பை செய்து, அதற்குள் கூடு வைக்கும்.

இதைக் கண்டதும் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றும். கூட்டை இலை மறைக்கிறது. ஒரு சின்னக் கிளையை ஒடித்தால் நன்றாகத் தெரியும். ஒடித்து விடுகிறார்கள். படமும் அழகாக விழுகிறது. பிறகு என்ன நடக்கிறது?

அந்த இலைதான் குஞ்சுகளுக்குக் குடை. அது போனதும் வெயில் நேரே அடிக்கிறது. உடம்பில் சிறகு முளைக்காத குஞ்சு வெயிலைத் தாங்காது. அந்த இலைதான் திரையும். அது போனதும் காக்கைக்கும் செண்பகத்துக்கும் கூடு தெரிந்துவிடுகிறது. இரண்டும் முட்டையையும் குஞ்சையும் தின்பவை. மனிதர் ஒரு புதரருகே அடிக்கடி போய் வந்தால், அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்கக் காக்கை வரும்.

கிளையை ஒடிக்காமல் பக்கத்தில் நின்றாலே போதும், கெடுதல் வரும். தாய்ப்பறவை வாயில் பூச்சியோடு எதிர் மரத்தில் உட்கார்ந்திருக்கும். ஆள் போகும்வரை கூட்டுக்கு வராது. நீங்கள் அரை மணி நேரம் நின்றால் குஞ்சுகளுக்கு அரை மணி நேரம் இரை இல்லை. முட்டையாக இருந்தால் அது ஆறிப்போகும். சிறகு முளைத்த குஞ்சுகளாக இருந்தால் பயத்தில் கீழே குதித்துவிடும். அவற்றுக்குப் பறக்கத் தெரிந்திருக்காது.

ஆகவே கூட்டைப் படம் எடுக்காமல் இருப்பதே நல்லது. பறவைப் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் பல குழுக்கள் கூட்டின் படம் வந்தால் ஏற்பதில்லை. கூடு ஜன்னலுக்கு எதிரேயே இருந்தால், அறைக்குள் இருந்தபடி பெற்றோர் வந்து போவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை துணியை வேறு கொடியில் காயப்போடலாம்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குப் பொருள் தருகிறது. சுடுவதும் பிடிப்பதும் மட்டும் வேட்டை அல்ல. பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டையில் சேரும்.

குஞ்சு தானாகக் கீழே விழுந்து கிடந்தால்? சிறகு முளைக்காத குஞ்சு என்றால் மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். ‘மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது’ என்று சொல்வார்கள். அது சரியல்ல. தாய் சேர்த்துக்கொள்ளும். சிறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருந்தால், அது பறக்கப் பழகும் குஞ்சு. பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பூனையை வீட்டுக்குள் கட்டுங்கள்.

படத்தின் பயன்

பம்பாயில் ஒரு சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம். என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதை எடுத்துப் போய்க் கேட்டான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பறவை அறிஞர் ஆன சலீம் அலி (1896–1987). அந்தக் காலத்தில் பறவையின் பெயரை உறுதி செய்ய அதைச் சுட்டு எடுத்துப் போவதே வழக்கம். இன்று கலங்கலான ஒரு படம் கூடப் போதும். பறவை உயிரோடு பறந்து போகும்.

படத்தோடு தேதியும் ஊரும் இருந்தால் அதன் மதிப்பு கூடும். ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். கோடையில் இமய மலையடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். வழியில் களைத்துப் போய் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் இறங்கிவிடும். பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறம் கொண்ட பறவை ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதுவாக இருக்கலாம். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள். ஓய்வு எடுத்துக்கொண்டு தானே போகும். எந்த ஊரில் எந்தத் தேதியில் இறங்கியது என்ற செய்தி, அதன் பயண வழியை அறிய உதவும்.

இப்படிச் சாதாரண மக்கள் தரும் செய்திகள் நாட்டுக்கே பயன்பட்டிருக்கின்றன. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை பார்ப்போர் அனுப்பிய குறிப்புகளால் உருவானது. அதில் 942 வகைப் பறவைகள் ஆராயப்பட்டன. சிட்டுக்குருவி நாடு முழுவதும் அழிந்துவிடவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்பதும் இத்தகைய குறிப்புகளிலிருந்தே 2020-இல் தெரிந்தது.

பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள் உலகம் முழுவதும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இந்தியா 2013 முதல் இதில் சேர்ந்திருக்கிறது. கட்டணம் இல்லை. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, ஈ-பேர்டு என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். பெயர் தெரியாத பறவைக்கு, எடுத்த படத்தைத் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். செல்போன் படத்தில் தேதியும் நேரமும் தானாகவே பதிந்திருக்கும். இடமும் பதியும். ஆந்தை தங்கும் பொந்தின் படம் என்றால் மட்டும் அந்த இட விவரத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆந்தையைப் பிடித்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.