தண்ணீர் மறைக்கும் மூளை

திருநீர்மலையை வெள்ளம் சூழ்ந்திருந்ததால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்கிறது தல வரலாறு. மூளையின் வேதிப்பொருள்களைப் படம்பிடிக்க முயல்பவர்களுக்கும் தண்ணீர்தான் முதல் தடை, காத்திருப்பது இரண்டாவது.

சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெரும்பாலும் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனையே காட்டும். நரம்பணுக்களின் நலம் சொல்லும் என்.ஏ.ஏ., செல்கள் பெருகும்போது கூடும் கோலின், ஆக்சிஜன் குறைந்தால் சேரும் லாக்டேட் ஆகியவையும் சமிக்ஞை தருகின்றன. ஆனால் அது நீரின் சமிக்ஞையில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நீரை அடக்கிவிட்டு, அதிர்வெண் வேறுபாட்டால் இவற்றைப் பிரித்தறிவது ஸ்பெக்ட்ராஸ்கோபி. மூளையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இதைச் செய்தால் வேதிப்பொருள்களின் வரைபடமே கிடைக்கும்.

அதனால் என்ன பயன்? திருநீர்மலைக்குச் சற்றுத் தொலைவில், தாம்பரம் சானடோரியத்தில், டேவிட் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காக மருத்துவமனை தொடங்கினார். காசம் நுரையீரலோடு நிற்பதில்லை; மூளையிலும் கட்டியாகும். அதையும் புற்றுக்கட்டியையும் ஸ்கேனில் பிரித்துச் சொல்வது பல நேரம் கடினம். காசக்கட்டியில் கொழுப்பின் முகடு உயரும். புற்றில் கோலின் ஏறி என்.ஏ.ஏ. இறங்கும். லக்னோவில் ராகேஷ் குமார் குப்தா குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். (உள்ளே திசு செத்த புற்றுக்கட்டியும் கொழுப்பைக் காட்டும் என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பெழுத முடியாது.)

இனி இரண்டாவது தடையான காத்திருப்பு. பழைய முறையில் எத்தனை கட்டங்களோ அத்தனை அளவீடுகள். 32க்கு 32 என்றால் 1,024. ஒன்றுக்கு ஒன்றரை விநாடி வைத்தாலே 25 நிமிடம் தாண்டும். பதினாறு அடுக்குகளுக்கு ஏறத்தாழ 7 மணி நேரம்! வலிப்பு வந்து படுத்திருப்பவரிடம் அசையாதீர்கள் என்று எவ்வளவு நேரம் சொல்வது? இப்படிப் படிப்படியாக அளக்கும் வழிக்கு அடித்தளமிட்ட 1975ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்த அனில் குமார்.

1980களில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் வேறு வழி சொன்னார்: சமிக்ஞை ஒலிக்கும்போதே காந்தச் சரிவை முன்னும் பின்னும் வேகமாக மாற்றினால், ஒரே அளவீட்டில் ஒரு வரிசை முழுவதும் கிடைத்துவிடும். அந்த 7 மணி நேரம் கால் மணி நேரத்துக்குள் சுருங்கும். தலையைச் சுற்றிப் பல ஏற்பிச் சுருள்களை வைத்து அளவீடுகளைக் குறைப்பது 1990களின் இறுதியில் வந்தது. சில அளவீடுகளை விட்டுவிட்டு, விடுபட்டதைக் கணிதத்தால் மீட்கும் உத்தியைச் சாய்ராம் கீதநாத் உள்ளிட்டோர் மூளை ஸ்பெக்ட்ராஸ்கோபியில் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள்.

இயற்பியல் எதையும் இலவசமாகத் தராது. அளக்கும் நேரம் நான்கில் ஒன்றானால் இரைச்சலுக்கு எதிரான சமிக்ஞையின் பலம் பாதியாகும். என்.ஏ.ஏ. அதைத் தாங்கும், மெலிந்த லாக்டேட் காணாமலே போகலாம். ஆகவே யாராவது ‘ஐந்தே நிமிடத்தில் முழு மூளை’ என்றால், கட்டம் எவ்வளவு பெரிது, எந்தெந்தப் பொருள் தெரிகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.