மூச்சை விட்டால் நசுங்கும் குழாய்

சாப்பிட்டு முடித்த அரைமணி நேரத்தில் வலி. நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மேல்வயிற்றில். தேசூரில் பட்டுத் தறியில் உட்காரும் ஓர் அக்காவுக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "கேஸா இருக்கும்" என்று பாட்டி சீரகத் தண்ணீர் கொடுப்பார். "வேளைக்குச் சாப்பிடாம தறியிலயே கிடந்தா அல்சர்தான் வரும்" என்பார் பக்கத்து வீட்டு அத்தை. அவர்களைக் கிண்டல் செய்ய வேண்டாம். இப்படி வரும் வயிற்று வலிக்குப் பெரும்பாலும் காரணம் அல்சரோ, பித்தப்பைக் கல்லோ, அதைப் போன்ற வேறொன்றோதான்.

ஆனால் மாத்திரை விழுங்கியும் தீரவில்லை. வாய்வழியே குழாய்விட்டுப் பார்த்தால் புண் இல்லை. சாதாரண ஸ்கேனில் கல்லும் இல்லை. சாப்பிட்டால் வலிக்குமே என்று அக்கா பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறார், நாளுக்கு நாள் இளைக்கிறார். அப்போது மருத்துவர் ரத்தக்குழாய் பக்கம் சந்தேகத்தைத் திருப்ப வேண்டும். ரொம்ப அபூர்வமான நோய் ஒன்று அங்கே ஒளிந்திருக்கலாம்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச் சுவருக்கு உதரவிதானம் என்று பெயர், பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இதயத்தில் கிளம்பும் பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டி இறங்கி, இந்தச் சுவரின் பின்பக்க வாசல் வழியாக வயிற்றுக்குள் வருகிறது. வாசலின் மேலே வளைவாக ஒரு நார்ப்பட்டை உண்டு. மீடியன் ஆர்குவேட் லிகமென்ட் என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. நாம் பட்டை என்றே சொல்லுவோம். வாசலைத் தாண்டியதும் பெருந்தமனியிலிருந்து முன்பக்கமாக ஒரு கிளை புறப்படுகிறது. அதுதான் சீலியாக் தமனி. நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் மூன்றும் ரத்தத்துக்கு நம்பியிருப்பது இந்தக் குட்டைக் குழாயைத்தான்.

பட்டை இந்தத் தமனிக்கு மேலே இருக்க வேண்டும். நூறு பேரில் 10 முதல் 24 பேர் வரை அது கொஞ்சம் தாழ்வாக அமைந்துவிடுகிறது. தாழ்ந்த பட்டை தமனியின் தலைமேல் உட்கார்ந்து அதை அழுத்தலாம். பயப்பட வேண்டாம், இவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. கீழே இருக்கிற இன்னொரு தமனி, பக்கவழிக் குழாய்கள் மூலம் இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் ரத்தத்தை அனுப்பிச் சமாளித்துவிடும். வெகு சிலருக்குத்தான் வலி.

இப்போது வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்து மூச்சை நன்றாக இழுங்கள். வயிறு முன்னே வருகிறதல்லவா? உதரவிதானம் கீழே இறங்கி உள்ளுறுப்புகளைத் தள்ளுகிறது. சீலியாக் தமனியும் கூடவே இறங்கி, பட்டையின் பிடியிலிருந்து சற்று விலகுகிறது. மூச்சை விட்டால் மறுபடி மேலே ஏறிப் பட்டையில் போய் இடிக்கிறது. ஆக, தாழ்ந்த பட்டை உள்ளவருக்கு மூச்சை இழுக்கும்போது குழாய் திறக்கும், விடும்போது நசுங்கும். நாள் முழுக்க இதே வேலை.

நோயைக் காட்டிக்கொடுப்பதும் இந்த மூச்சுதான். தெருக்குழாயில் ரப்பர் டியூபைச் செருகி, அதன் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள். தண்ணீர் பீச்சியடிக்கும். நசுங்கிய தமனியிலும் ரத்தம் அப்படித்தான் வேகமெடுக்கும். அந்த வேகத்தை வெளியிலிருந்தே அளக்கும் கருவி டாப்ளர் ஸ்கேன். வந்தவாசி பஸ் ஹாரன் அடித்தபடி உங்களை நோக்கி வரும்போது கீச்சென்றும், தாண்டிப் போகும்போது தணிந்தும் கேட்கிறதே, அந்த மாற்றத்தை 1842இல் விளக்கியவர் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலி, ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதே மாதிரி மாறுகிறது. சீலியாக் தமனியில் வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டினால் குழாய் நன்றாகக் குறுகியிருக்கிறது என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். "மூச்சை இழுத்துப் பிடிம்மா... இப்ப முழுசா விடு" என்று சொல்லிச் சொல்லி அளப்பார்கள். விடும்போது வேகம் எகிறி, இழுக்கும்போது குறைந்தால் பட்டையின் வேலைதான். பிறகு சிடி ஸ்கேனில் தமனி கொக்கிபோல வளைந்து தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

பின்லாந்தின் ஹர்யோலா என்ற மருத்துவர் 1963இல் இந்தச் சிக்கலை எழுதினார். 1965இல் டன்பார் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் பல நோயாளிகளைப் பற்றி எழுதியதால் டன்பார் நோய் என்றும் சொல்வார்கள். சிகிச்சை என்னவோ எளிமைதான்: பட்டையை அறுத்துவிட வேண்டும். ஆனால் பட்டை இருப்பது வயிற்றின் அடி ஆழத்தில், முதுகெலும்புக்கு முன்னால். அதை எட்ட அன்றைக்கு வயிற்றை நீளமாகக் கிழித்தாக வேண்டியிருந்தது. சிறு துளைகள் வழியாகவே அறுத்துவிட்ட செய்தி மருத்துவ இதழில் முதன்முதலாக வந்தது 2000இல்.

துளை வழி அறுவைக்கு லேப்ராஸ்கோப்பி என்று பெயர். இதற்கு ஆரம்பத்தில் மரியாதையே இல்லை. ஜெர்மனியின் எரிக் மூஹே 1985இல் இப்படிப் பித்தப்பையை எடுத்தபோது சக மருத்துவர்கள் அவரை மதிக்கவில்லை. பின்னால் அதே நாட்டு அறுவை மருத்துவர் சங்கம் அவருக்கு விருது கொடுத்தது! இந்தியாவில் இப்படி முதலில் பித்தப்பையை எடுத்தவர் மும்பையின் தெகம்தன் உத்வாடியா, ஆண்டு 1990. நம் பக்கத்தில் இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூர் சி. பழனிவேலு. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, துளை வழியாகவே உணவுக்குழாய்ப் புற்றை எடுக்கும் முறையில் 130 பேருக்குச் செய்த அனுபவத்தை அவரும் குழுவினரும் 2006இல் வெளியிட்டார்கள். வெளிநாட்டு மருத்துவர்களும் படித்துப் பின்பற்றிய முறை அது.

சரி, துளை வழியாகப் பட்டையை அறுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? மயக்க மருந்து கொடுத்தபின் தொப்புள் அருகே சிறு துளை. அதன்வழி கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை ஏற்றி வயிற்றை உப்பவைப்பார்கள், வேலை செய்ய இடம் வேண்டுமே. ஏன் அந்த வாயு? அது தீப்பற்றாது. உள்ளே மின்சாரச் சூட்டில் வெட்டும் கருவி இருக்கிறது. மேலும் அது ரத்தத்தில் எளிதாகக் கரையும். மிச்சமானதை நோயாளி நுரையீரல் வழியாக வெளியே விட்டுவிடுவார். ஒரு வேடிக்கை: அறுவைக்குப் பிறகு பலருக்கு ஒன்றிரண்டு நாள் தோள் வலிக்கும். வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால் மூளை ஏமாந்துபோகிறது.

5 அல்லது 10 மில்லிமீட்டர் அகலத்தில் இன்னும் மூன்று நான்கு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளக் கருவிகள். கல்லீரலை மேலே தூக்கிப் பிடித்து, இரைப்பையை ஒதுக்கி, தமனியைக் கண்டுபிடித்து, பட்டையை நார்நாராக அறுக்க வேண்டும். கீழேயே பெருந்தமனி துடித்துக்கொண்டிருக்கும். கத்தி வழுக்கினால் ரத்தம் கொட்டும், உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளர் விரல் நுனியால் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவாரே, அந்த விரல் நுனி இந்த மருத்துவருக்குக் கிடையாது. திரையைப் பார்த்துத்தான் எல்லாம். அதோடு கை இடப்பக்கம் போனால் கருவியின் முனை வலப்பக்கம் போகும். அட்டைப்பெட்டி மூடியில் ஓட்டை போட்டுப் பென்சிலைச் செருகி, உள்ளே புள்ளி வைத்துத் தொட்டுப் பாருங்கள். எரிச்சல் வரும்!

பட்டை அறுந்ததும் தமனி விரிந்து நிமிர்வது திரையிலேயே தெரிவதுண்டு. பெரும்பாலோருக்கு வலி குறைகிறது, சாப்பாடு இறங்குகிறது. எல்லோருக்கும் அல்ல. குழாய் திறந்தபிறகும் சிலருக்கு வலி நிற்பதில்லை. அந்தத் தமனியைச் சுற்றி வலைபோல நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பட்டை நசுக்கியது குழாயையா, நரம்பையா, இரண்டையுமா என்று மருத்துவர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் பலர் பட்டையோடு சேர்த்து அந்த நரம்பு இழைகளையும் அறுத்துவிடுகிறார்கள்.