பார்க்காமல் சொன்ன பதினொன்று

எங்கள் வீட்டில் இரவு படுக்கப் போகுமுன் உம்மா தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "கேஸ் பூட்டியாச்சா?" புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே நானும் "ஓம் உம்மா" என்பேன். ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனால், சிலிண்டர் திறந்தபடியே இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லியிருந்தேன். விமான விபத்துகளைப் பற்றி வாசித்தபோது அந்த "ஓம்" அடிக்கடி நினைவுக்கு வந்தது.

விமானிகள் புறப்படுமுன் வாசித்துப் பார்க்கும் சரிபார்ப்புப் பட்டியல் பிறந்ததே ஒரு விபத்தினால்தான். 1935 ஒக்டோபர் 30ஆம் திகதி, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் மொடல் 299 என்ற புதிய விமானம் பரீட்சார்த்தப் பறப்பின்போது விழுந்து நொறுங்கியது. தரையில் நிற்கையில் காற்றில் ஆடாதபடி சுக்கான்களைப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவரோ அனுபவம் மிக்கவர். அதன் பிறகுதான் ஞாபகத்தை நம்பாமல் எழுதி வைத்து வாசிக்கும் வழக்கம் வந்தது.

ஆனால் பட்டியலையும் வாசிப்பது மனிதர்தானே! 2008 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஸ்பெயினின் மட்ரிட் நகரில் நடந்தது இதுதான். ஸ்பான்எயார் நிறுவனத்தின் எம்.டி. 82 விமானம் 172 பேருடன் ஓடுபாதை வரை சென்றது. அப்போது இறக்கைகளின் பின்விளிம்பிலுள்ள பிளாப் எனும் மடல்கள் சரியாகவே இறக்கப்பட்டிருந்தன. வேகம் குறைந்த நிலையில் விமானத்தை மேலே தூக்கும் விசையைக் கூட்டித் தருபவை இவையே. வெளிக்காற்றின் வெப்பநிலையை அளக்கும் உணரி அளவுக்கு மீறிச் சூடாவதைக் கண்டு விமானிகள் திரும்பி வந்தனர். வானில் மட்டுமே இயங்க வேண்டிய சூடாக்கி தரையிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. அதன் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு மீண்டும் அனுப்பினார்கள்.

ஏற்கெனவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாமதம். பட்டியலின் கடைசி வரி பிளாப்பைப் பற்றியது. அதை வாசிக்குமுன்னரே தலைமை விமானி, நகர அனுமதி கேட்கும்படி துணை விமானியிடம் சொன்னார். அந்த வரி விடுபட்டது. ஓடுபாதையில் ஏறுமுன் இறுதிச் சரிபார்ப்பு இன்னொன்று இருந்தது. அதில் துணை விமானி "பதினொன்று" என்றார். பிளாப் இருக்க வேண்டிய பாகை அது. உண்மையில் பிளாப் இறங்கியிருக்கவே இல்லை. பழகிய வாய் பழகிய விடையைச் சொல்லிவிட்டது. தவறான நிலையில் புறப்பட்டால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. விமானம் தரையிலா வானிலா என்பதை அந்தச் சூடாக்கிக்கும் எச்சரிக்கைக் கருவிக்கும் அறிவித்தது ஒரே ரிலேதான். முதலில் தெரிந்த சிறு கோளாறு எதைச் சொல்ல வந்ததோ என்று யோசிக்கத் தோன்றுகிறது. 154 பேர் இறந்தனர்.

மறப்பது ஒருபுறம், நினைவிருந்தும் சொல்ல முடியாமற் போவது இன்னொருபுறம். 1977 மார்ச் 27ஆம் திகதி, டெனெரிஃப் தீவில் பனிமூட்டம். கே.எல்.எம். விமானம் புறப்பட அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கியது. பான் அம் விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று பறப்புப் பொறியியலாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பொறியியலாளர் மேலும் வற்புறுத்தவில்லை. 583 உயிர்கள் போயின. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த மௌனம் அந்நியமாகப் படவில்லை. 1979இல் நாசா நடத்திய பயிலரங்கிற்குப் பின், இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் காது கொடுக்கவும் விமானிகளுக்கு முறையாகப் பயிற்சி தரத் தொடங்கினார்கள்.

மட்ரிட் விபத்தில் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. 1987இல் அமெரிக்காவின் டெட்ரோய்ட்டில் இதே வகை விமானம் பிளாப் இறக்காமலே புறப்பட்டு விழுந்தது. அங்கும் எச்சரிக்கை ஒலிக்கவில்லை. விமானத்திலிருந்த 155 பேரில் உயிர் தப்பியது நான்கு வயதுச் சிறுமி மட்டுமே. ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் எச்சரிக்கைக் கருவியைச் சோதியுங்கள் என்று தயாரிப்பாளர் அப்போதே பரிந்துரைத்தார். 21 வருடங்களுக்குப் பிறகும் ஸ்பான்எயாரின் நடைமுறையில் ஒவ்வொரு பறப்புக்கும் அச்சோதனை இருக்கவில்லை. ஐரோப்பாவில் அது கட்டாயமாக்கப்பட்டது மட்ரிட்டுக்குப் பிறகுதான்.