உலாவியை வீட்டிலேயே கட்டலாமா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் மைசூரு கிளையின் கதவு திறப்பதற்கு முன்பே ஒரு பெரியவர் வாசலில் நின்றிருந்தார். அசோகபுரம் இரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் சோலையார்பேட்டையிலிருந்து வந்து குவெம்புநகரில் வீடு கட்டிக்கொண்டவர். ஓய்வூதியம் வரும் முதல் வாரத்தில் பாஸ்புக் பதிய வருவாரேயன்றி மற்ற நாள்களில் கிளைப்பக்கம் வருபவர் அல்லர். அன்று அவர் கையில் பாஸ்புக் இல்லை. கைப்பேசி மட்டும் இருந்தது.

முந்தைய இரவு அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அவருடைய பிரௌசர் பழையதாகிவிட்டது என்றும், அன்றிரவே புதுப்பிக்காவிட்டால் வங்கிச் சேவை நின்றுவிடும் என்றும் அதில் எழுதியிருந்தது. கூடவே ஏ.பி.கே. கோப்பு ஒன்று. அதன் சின்னம் அவர் நாள்தோறும் பார்க்கும் உலாவியின் சின்னமே. அறியாத இடத்திலிருந்து வரும் செயலி என்று கைப்பேசி எச்சரித்தது; அனுமதித்தார். குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்டது; அதையும் கொடுத்தார். பிறகு அந்த 'உலாவி' காட்டிய பக்கத்தில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டார். விடிவதற்குள் 41,000 ரூபாய் மூன்று தவணைகளில் போய்விட்டது.

கணக்கை உடனே முடக்கினோம். 1930 என்னும் எண்ணை அழைத்து இணையக் குற்றப் புகாரைப் பதியச் செய்தோம். புகாரின் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னோம். அதற்குக் காரணம் உண்டு. அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விடுத்த சுற்றறிக்கையின்படி, கடவுச்சொல்லைத் தாமே வெளியிட்டதுபோன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

படிவங்களில் கையெழுத்திட்டு முடித்த பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "சார், என் பேரன் எஞ்சினியரிங் படிக்கிறான். பிரௌசரின் மூலநிரல் ஊருக்கே பொதுவாகக் கிடக்கிறது, நானே ஒன்றைக் கட்டித் தருகிறேன் தாத்தா என்கிறான். அவனால் கட்ட முடியுமானால் திருடனாலும் முடியும்தானே? பிறகு நல்லது எது, போலி எது என்று நான் எப்படிப் பார்ப்பது?"

வணிகவியல் பட்டத்தோடு வங்கிக்கு வந்தவர்கள் நாங்கள். பற்றும் வரவும் தெரியும். இதற்கு விடை தெரியவில்லை. நாங்கள் மழுப்பியதை அவர் கண்டுகொண்டார். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க சார், பையன் கட்டுவதைப் பார்க்கலாம்" என்றார். கிளையிலிருந்து இருவர் போனோம்.

நாங்கள் போனபோது வேலை பாதியில் இருந்தது. பேரன் சனிக்கிழமை மாலையே தொடங்கியிருந்தான். அவன் எடுத்துக்கொண்டது குரோமியம். கூகுள் குரோமுக்கு அடிப்படையான திறந்த மூலநிரல் இதுவே; எட்ஜ், பிரேவ், ஓப்பெரா முதலியவையும் இதன்மேல் எழுந்தவையே. ஆண்டிராய்டு கைப்பேசிக்கான குரோமியத்தை விண்டோஸ் கணினியில் கட்ட இயலாது, லினக்ஸ் வேண்டும். வட்டில் 100 ஜிபி இடம் வேண்டும். நினைவகம் 16 ஜிபிக்கு மேல் இருப்பது நல்லது என்று திட்டத்தின் ஆவணமே சொல்கிறது. பேரனின் மடிக்கணினியில் சரியாக 16 இருந்தது. அதனால் முதல் முயற்சி நள்ளிரவில் நினைவகம் போதாமல் நின்றுபோனதாம். ஒரே வேளையில் நடக்கும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து மறுபடி ஓட விட்டிருக்கிறான்.

இடவேண்டிய ஆணைகள் மிகச் சில. கூகுள் தரும் 'டெப்போ டூல்ஸ்' என்னும் கருவிப்பெட்டியைக் கொண்டு முதலில் மூலநிரலை இறக்க வேண்டும். பழைய மாற்றங்களின் வரலாறு வேண்டாம் என்று சொன்னால் இறக்கம் சற்றுக் குறையும். பிறகு எந்தக் கைப்பேசிக்கு, எந்தச் சில்லுக்கு, பிழைதிருத்த வடிவமா பயன்பாட்டு வடிவமா என்பவற்றைச் சிறு கோப்பு ஒன்றில் எழுத வேண்டும். கடைசியாகக் கட்டும் ஆணை. அதன்பின் மனிதனுக்கு வேலையில்லை. திரையில் முடிந்த படிகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டேயிருக்கும். மொத்தம் பல்லாயிரம் படிகள். மடிக்கணினியின் விசிறி இரைந்த இரைச்சலில் வீட்டம்மாள் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். காப்பி வந்தது, பிறகு சாப்பாடும் வந்தது. எண் ஏறிக்கொண்டேயிருந்தது.

பெரியவர் அந்தத் திரையை நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பணிமனையில் இரயில் பெட்டியை ஆணி ஆணியாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் சோதித்து, மறுபடி பூட்டியவர் அவர். "இதுவும் அதுதான்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் பேரன் சொன்ன வரலாறு சுவையானது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச் 31 அன்று தன் உலாவியின் மூலநிரலை உலகுக்கு வெளியிட்டது. அந்தக் கிளையில் வளர்ந்ததே ஃபயர்ஃபாக்ஸ். மற்றொரு கிளை, கே.டி.இ. என்னும் தன்னார்வலர் திட்டத்தின் கே.எச்.டி.எம்.எல். அதை எடுத்து ஆப்பிள் வெப்கிட் ஆக்கியது. வெப்கிட்டிலிருந்து 2013-இல் கூகுள் பிரிந்து பிளிங்க் ஆக்கியது. இன்று நம் பைகளில் இருக்கும் ஏறத்தாழ எல்லா உலாவிகளும் இவ்விரு குடும்பங்களின் பிள்ளைகளே. இந்தியரில் மிகப் பலர் அறியாமலேயே இவற்றுள் ஒன்றைக் கையாண்டிருக்கிறார்கள்: 2017-இல் வெளிவந்த ஜியோஃபோனில் இயங்கிய காய்ஓ.எஸ்., மோசில்லா கைவிட்ட ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ்ஸின் மூலநிரலிலிருந்து எழுந்தது. பித்தான் வைத்த அந்தச் சிறு கைப்பேசியின் உள்ளே இருந்தது ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சினே. ஐஃபோனில் கதை வேறு. அங்கே ஆப்பிளின் வெப்கிட்டைத்தான் எல்லா உலாவிகளும் பயன்படுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2024-இல் அவ்விதி தளர்ந்தது.

பிற்பகல் மூன்று மணியளவில் திரை நின்றது. கிடைத்தது ஒரே ஓர் ஏ.பி.கே. கோப்பு. பெரியவரை ஏமாற்றியதும் ஓர் ஏ.பி.கே. கோப்பே என்பதை அப்போது அறையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கைப்பேசியில் டெவலப்பர் வசதியைத் திறந்து, யு.எஸ்.பி. கம்பி வழியே அதை நிறுவினான். நீல நிறச் சின்னம் ஒன்று தோன்றியது. பெரியவர் ஒரு தமிழ் நாளிதழின் தளத்தைத் திறந்தார். எழுத்துகள் ஒழுங்காக வந்தன. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தின் இடப்பக்கம் முறையாக அமர்வதற்கும் ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மூலநிரலே காரணமாம். அதுவும் அந்தப் பல்லாயிரம் படிகளுக்குள் ஒரு பகுதியாகக் கட்டப்பட்டிருந்தது. பழைய ஆண்டிராய்டு கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

பெரியவர் தம் கேள்வியை விடவில்லை. "சரி தம்பி, இப்போது திருடனும் இதே வேலையைச் செய்யலாம் அல்லவா?"

"செய்யலாம் தாத்தா. ஆனால் கையெழுத்து?" என்றான் பேரன்.

மைசூருவில் வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. நம் ஊரில் மேட்டகள்ளியில் 1996 முதல் ரூபாய் நோட்டு அச்சாகிறது. அதற்குரிய தாளைச் செய்யும் ஆலையும் இங்கே இருக்கிறது. மையைச் செய்யும் 'வர்ணிகா' என்னும் பிரிவும் 2022 மார்ச்சில் இங்கேயே திறக்கப்பட்டது. நோட்டில் நீரோட்டப் படம் எங்கே, பாதுகாப்பு இழை எங்கே, சாய்த்தால் நிறம் மாறும் எண் எங்கே என்பதெல்லாம் மறைபொருள் அல்ல. ரிசர்வ் வங்கியே படம் போட்டு விளக்குகிறது. அடையாளங்கள் எல்லார்க்கும் திறந்தவை. அவற்றை உண்டாக்கும் தாளும் மையும் தகடும் மட்டுமே காவலுக்குள் இருக்கின்றன.

உலாவியும் அவ்வாறே. மூலநிரல் பொது, கையெழுத்துச் சாவி வெளியிட்ட நிறுவனத்திடம் மட்டும். ஒவ்வோர் ஆண்டிராய்டு செயலியும் ஒரு மின்னணுச் சாவியால் கையெழுத்திடப்பட்டே வருகிறது. நிறுவிய செயலிக்குப் புதுப்பிப்பு வரும்போது, அது அதே சாவியால் ஒப்பமிடப்பட்டதா என்று கைப்பேசி பார்க்கும், இல்லையெனில் ஏற்காது. பேரன் சோதித்தும் காட்டினான். கட்டிய உலாவியை வேறொரு சாவியால் ஒப்பமிட்டு, இருப்பதன்மேல் நிறுவ முயன்றான். செயலி நிறுவப்படவில்லை என்று கைப்பேசி கையை விரித்தது.

அப்படியானால் திருடன் எப்படி நுழைந்தான்? அவன் இருந்த உலாவியைப் புதுப்பிக்கவே இல்லை. அதே படத்தை ஒட்டிய வேறொரு செயலியைப் பக்கத்தில் புதிதாக நிறுவச் செய்தான். உண்மையான புதுப்பிப்பு பிளே ஸ்டோர் வழியே வரும். அறியாத இடம் என்ற கேள்வியே அதில் எழாது. மேலும், இணையப் பக்கத்தைக் காட்டும் வேலைக்குக் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி எதற்கு? ஓ.டி.பி. எண்ணைக் களவாட விரும்புகிறவனுக்கே அது வேண்டும். இதை அன்றிரவு யாராவது பெரியவரிடம் சொல்லியிருந்தால் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம். சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தாம் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

இன்னொரு சாவியும் உண்டு. வங்கியின் தளம் வங்கியுடையதுதானா என்று உலாவி எப்படி அறிகிறது? நம்பத்தக்க சான்றளிப்போரின் பட்டியல் ஒன்றைப் பல உலாவிகள் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அப்பட்டியலில் யார் இருக்கலாம் என்பதை உலாவியைக் கட்டுகிறவரே முடிவு செய்கிறார். இது சிறிய அதிகாரம் அன்று. 2014 ஜூலையில், இந்தியச் சான்றளிப்பு அமைப்பின் கீழிருந்த தேசியத் தகவலியல் மையம் வழியாகக் கூகுளின் தளங்களுக்கு அங்கீகாரமற்ற சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. அதன்பின் இந்திய மூலச் சான்றிதழ் செல்லும் தளங்களைக் கூகுள் ஒரு சிறு பட்டியலுக்குள் அடக்கியது. தவறு இங்கே நிகழ்ந்தது. தீர்ப்பு கலிஃபோர்னியாவில் எழுதப்பட்டது. அத்தீர்ப்பு நியாயமானதே என்பது எங்கள் எண்ணம். ஆயினும் நம்பிக்கைப் பட்டியலை எழுதும் பேனா வேறொருவர் கையில் இருக்கிறது என்பது அன்று விளங்கியது.

மத்திய மின்னணு அமைச்சகம் 2023 ஆகஸ்டில் இந்திய உலாவி உருவாக்கப் போட்டி ஒன்றை அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளருடைய மூலச் சான்றிதழைத் தன் நம்பிக்கைப் பட்டியலில் கொண்டிருப்பதும், உலாவிக்குள்ளேயே ஆவணத்தில் மின்னொப்பம் இடும் வசதியும் அதன் நிபந்தனைகளுள் இருந்தன. பெங்களூரு சி-டாக் நடத்த உதவிய அப்போட்டியில், 2025 மார்ச்சில் முதற்பரிசான ஒரு கோடி ரூபாயை ஜோஹோ நிறுவனத்தின் குழு பெற்றது. அந்நிறுவனத்தின் உலாவிக்குத் தமிழ்ப்பெயர்: உலா. 2023-இல் வெளிவந்த அதுவும் குரோமியத்தின்மேல் எழுந்ததே. அதற்கும் முன்னே 2010-இல் பெங்களூருவிலிருந்து எபிக் என்னும் உலாவி வந்தது. முதலில் மோசில்லாவின் நிரலையும் பின்னர் குரோமியத்தையும் அடித்தளமாகக் கொண்டது. பிறர் போட்ட அடித்தளத்தில் வீடு கட்டுவது குறைவா என்று கேட்டால், பேரன் செய்ததும் அதுதானே என்போம்.

மாலையில், அந்த நீலச் சின்னத்திலேயே வங்கி வேலையையும் பார்க்கலாமா என்று பெரியவர் கேட்டார். வேண்டாம் என்றோம். பேரனும் அதையே சொன்னான். அவன் முகத்தில் சிறு வருத்தம் இருந்தது. வீட்டில் கட்டியது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. குரோம் சில வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. இடையிடையே பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. ஒவ்வொரு திருத்தத்திற்கும் ஒரு நாள் முழுதும் மடிக்கணினியைக் கொதிக்க விட வேண்டும். அவனுக்கோ செமஸ்டர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டை அடைக்காத உலாவியில் நாளிதழ் படிக்கலாம். ஓய்வூதியக் கணக்கைத் திறக்கலாகாது. டெவலப்பர் வசதியையும் மூடச் சொன்னோம். அது திறந்திருந்தால் இயங்க மறுக்கும் வங்கிச் செயலிகள் உண்டு.

வங்கித் தளத்தை அடையாளம் காண எளிய வழி ஒன்றையும் அவருக்குக் காட்டினோம். வங்கிகள் யாவும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்திருந்தது. அம்முகவரியை ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம் மட்டுமே, வங்கிகளுக்கு மட்டுமே பதிந்து தருகிறது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகவரிப் பட்டையின் கடைசிச் சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அதைத் தம் பாஸ்புக்கின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிவைத்தார்.

41,000 ரூபாயில், பெற்ற கணக்கு ஒன்றிலேயே தடுக்கப்பட்ட 26,000 ரூபாய் நான்கு மாதங்களுக்குப் பின் திரும்பி வந்தது. மீதி வரவில்லை. சென்ற மாதம் பாஸ்புக் பதிய வந்தபோது, பேரன் இப்போது ஃபயர்ஃபாக்ஸைக் கட்டத் தொடங்கியிருக்கிறான் என்றார். மடிக்கணினிக்கு நினைவகம் கூட்டக் கடன் கிடைக்குமா என்றும் கேட்டார். கல்விக் கடனில் கணினிக்கு இடமுண்டு, பையனை அழைத்து வாருங்கள் ஐயா என்றோம்.