மருந்துப் போத்தலும் உலக ஒப்பந்தமும்



பசறை, அப்புத்தளை மலைகளில் தேயிலைக்கு அடிக்கும் மருந்துகள் பலவும் வெளிநாட்டிலிருந்து வருபவை. தன் பட்டியலிலுள்ள ஆபத்தான இரசாயனங்களை, வாங்கும் நாட்டின் சம்மதமின்றி ஏற்றுமதி செய்யக் கூடாது என்கிறது ரொட்டர்டாம் சமவாயம். 1998இல் உருவாகி, 2004இல் நடைமுறைக்கு வந்த இதில் இலங்கையும் உறுப்பு நாடு.

அப்படியான ஆபத்தான பூச்சிமருந்துகளில் ஒன்றான எண்டோசல்பானை நம் நாடு 1998இலேயே தடை செய்தது. உலகளவில் அதை ஒழிக்க, இன்னொரு உலக ஒப்பந்தமான ஸ்டொக்ஹோம் சமவாயம் முடிவெடுத்தது 2011இல்தான்.

சட்டம் காப்பது பாதி. மீதி நம் கையில். மருந்து கலக்குமுன் லேபிளைத் தமிழில் வாசியுங்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் அடிக்காதீர்கள். வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அந்த நீரை மருந்து டாங்கியிலேயே ஊற்றுங்கள். பிறகு போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள். குடிநீர் பிடிக்க அதை ஒருபோதும் லயத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.